அதை இது பண்ணு

மெக்கானிக்கின் வாயில் வருகிற பெயர்ச்சொற்கள் மொத்தம் இரண்டுதான். ஒன்று அது, இன்னொன்று இது. ஸ்பேனரும் இது, ஸ்பேனரை வைத்து முடுக்குகிற போல்ட்டும் இது, அந்த போல்ட் கழன்று விழுந்து உருண்டு போய் ஒளிந்துகொள்கிற இடம் அது. வினைச்சொல்லுக்கும் அவர் அந்த இரண்டைவிட்டு வெளியே போகமாட்டார். முடுக்குவது, கழற்றுவது, எண்ணெய் விடுவது, தட்டிப் பார்ப்பது, துடைத்து வைப்பது எல்லாமே அவருக்கு இது பண்ணுவதுதான். "அந்த இதை எடுத்து அதுல வச்சு லேசா இது பண்ணு" என்று சொல்லிவிட்டு, புட்டுப் புட்டு வைத்துவிட்ட திருப்தியோடு கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

நீட்டிய கையில் சரியான சாமானை வைக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி.

அவளும் அதே பிரெட் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். ஆறிய பிரெட்டைத் துண்டு போடுகிற மெஷின் அவள் பொறுப்பு. வரிசையாக முப்பது கத்திகள் மேலும் கீழும் ஆடுகிற மெஷின். பதினாறு வருஷம் அதன் முன்னால் நின்றும் பத்து விரலும் முழுசாக இருப்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. கம்பெனியில் எல்லோரும் அவளைக் கத்தியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போதும் கத்திப் பேசுவதால் அந்தப் பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மெஷினைப் பார்த்த பிறகு, இரண்டுமே பொருந்தித்தான் இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள்.

கல்யாணமான புதிதில் அவர் பேச்சு அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அதைக் கொஞ்சம் கொண்டா" என்று முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார். இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சல்லடையைக் கொண்டுபோய் வைத்தாள். தலையணையைக் கொண்டுபோய் வைத்தாள். குடை, பூட்டு, முக்காலி, ஈரத்துணி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவர் காலடியில் குவித்தாள். கடைசியில் பக்கத்து வீட்டுப் பூனையையும் தூக்கிவந்து வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள். அவர் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். முக்காலியை எடுத்துப் போட்டு ஏறி, பல்பை மாற்றினார். "நல்லவேளை கொண்டாந்தே. இது இல்லாம அது எட்டாது" என்று சொல்லிவிட்டு இறங்கி, பூனையின் தலையைத் தடவிக் கொடுத்தார். கோபமே வராத மனுஷனிடம் எத்தனை நேரம்தான் கோபித்துக்கொள்வது? அன்றைக்கு விட்டவள்தான். அதன் பிறகு அவர் சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிட்டு, அவர் எங்கே நிற்கிறார், கை எப்படித் திரும்புகிறது, கண் எதைத் தேடுகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். ஒரு வருஷத்தில் எல்லாம் பிடிபட்டுவிட்டது.

அவர் பாஷையிலும் ஒரு இலக்கணம் இருந்தது. சாமான்கள்தான் அது, இது. மெஷின்களுக்கு மரியாதை உண்டு. மாவு பிசைகிற மெஷின் 'அவன்'. எதையாவது இழுத்துக்கொண்டு மக்கர் பண்ணுகிறவன். பிரெட்டுக்கு உறை போடுகிற மெஷின் 'அந்தப் பொண்ணு'. கத்தி மெஷினை, மனைவி முகத்துக்காக, 'இவங்க' என்பார். இருபது மீட்டர் நீளத்துக்குக் கூடத்தின் நடுவில் படுத்திருக்கிற ஓவன் மட்டும் 'அவர்'. அதைப் பற்றிப் பேசும்போது குரலே அரை சுருதி இறங்கும். மாமனாரைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு மரியாதையாகப் பேசி அவள் கேட்டதில்லை.

மகள் காலேஜுக்குப் போய் என்னென்னவோ படித்துவிட்டு வந்து, அப்பாவுக்கு ஞாபகசக்தியில் கோளாறோ என்று பயந்து, டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் ஒரு மணிநேரம் கேள்வி கேட்டார். இவர் பதினெட்டு வருஷத்தில் எந்த மெஷினில் எந்தெந்தத் தேதியில் என்ன பழுது என்பதை வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றையும் அது இது என்றுதான் சொன்னார். ஆனால் தேதி ஒன்றுகூடத் தப்பவில்லை. "ஞாபகம் எல்லாம் கெட்டியா இருக்கு. பேர் சொல்றதுக்குத்தான் சோம்பேறித்தனம். அதுக்கு மாத்திரை இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.

இப்படியாக எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் புது மேனேஜர் வந்தார்.

மேனேஜரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நல்ல மாதிரிதான். வந்த முதல் வாரமே பாக்கிங் பகுதிப் பெண்களுக்கு உட்கார ஸ்டூல் வாங்கிப் போட்டார். ஆனால் எதற்கும் ஒரு பெயர் இருக்கவேண்டும், அந்தப் பெயர் அதன்மேல் ஒட்டியிருக்கவேண்டும் என்கிற பிடிவாதம். கையில் ஒரு குட்டி மெஷினை வைத்துக்கொண்டு சீட்டு அடித்து அடித்து ஒட்டினார். குழாய்க்குச் சீட்டு, வால்வுக்குச் சீட்டு, சுவிட்சுக்குச் சீட்டு, மாவு மூட்டை அடுக்குகிற பலகைக்கும் சீட்டு. மத்தியானம் தூங்கி வழிகிற பிரெட் மாஸ்டர், "அசந்தா என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டு ஓவன் பக்கத்திலேயே விழிப்பாக நின்றார்.

பழுதுபார்த்தால் எழுதித் தரவேண்டும் என்று ஒரு படிவம் வந்தது. மெக்கானிக் முதல் படிவத்தை எழுதிக் கொடுத்தார். மேனேஜரம்மா அதை எடுத்துக்கொண்டு கத்தி மெஷினுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, இதை நீங்களே படிங்க."

கத்தியக்கா வாங்கிப் படித்தாள். கையெழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது. 'அவனுக்குள்ள இது தேஞ்சு போயிருந்துச்சு. பழைய இதை எடுத்துட்டு வேற இது போட்டாச்சு. அதனால அது இப்ப வர்றதில்ல. அவன் நல்லா இருக்கான்.'

"சரியாத்தானே மேடம் எழுதியிருக்காரு?"

"அக்கா!"

"மாவு மெஷின்ல பேரிங் தேஞ்சிருக்கு. மாத்தியிருக்காரு. அந்தக் கிறீச் சத்தம் இப்ப வர்றதில்ல. நீங்களே கேட்டுப் பாருங்க, வருதா?"

மேனேஜரம்மா காதைத் தீட்டிக் கேட்டார். வரவில்லை. பெருமூச்சு விட்டார். பக்கத்தில் வந்து நின்ற மெக்கானிக்கிடம், "அண்ணே, நாளைக்கே நீங்க ஒரு நாள் வரலைன்னா இதைப் படிச்சு யாரு என்ன பண்ண முடியும்?" என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது.

"நான் எங்கம்மா போகப்போறேன்?" என்றார் மெக்கானிக், ஒரு பக்கக் கன்னத்தை அமுக்கிக்கொண்டு. கடைவாய்ப் பல் அன்றைக்கே வலிக்க ஆரம்பித்திருந்தது.

பத்து நாள் கிராம்புத் தைலத்தில் ஓட்டினார். பதினோராவது நாள் கன்னம் வீங்கிவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு, கத்தியக்கா விரட்டாத குறையாக அவரைப் பல் டாக்டரிடம் அனுப்பிவைத்தாள். போகிறபோது ஓவன்வரைக்கும் நடந்துபோய், அதன் பக்கவாட்டுத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போனார்.

அவர் போய் முக்கால் மணிநேரம் ஆகியிருக்கும். ஓவன் நின்றுவிட்டது.

அந்த ஓவன் எப்படி வேலை செய்கிறது என்றால், ஒரு முனையில் மாவு நிரப்பிய டின்களை வைப்பார்கள். உள்ளே இரும்பு வலையால் ஆன ஒரு பட்டை நிற்காமல் நகர்ந்துகொண்டிருக்கும். டின்கள் அதன்மேல் சவாரி செய்து, அரைமணி நேரம் கழித்து மறுமுனையில் பொன்னிறமாக வெளியே வரும். அன்றைக்கு மோட்டார் ஒரு உறுமல் உறுமி இறுகிக்கொண்டது. பட்டை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே அறுநூறு பிரெட். பட்டை நின்றால் நெருப்பு தானாக அணைந்துவிடும், அதற்கு ஏற்பாடு இருந்தது. ஆனால் அடுப்பை அணைத்ததும் ஆறிப்போகிற சூடா அது? காலையிலிருந்து கனன்ற இருபது மீட்டர் இரும்பு. உள்ளே இருக்கிற பிரெட் வேகும், கருகும், அப்புறம் தீப்பிடிக்கும்.

"நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" என்று மாஸ்டர் போட்ட கூச்சலில் கத்தியக்கா தன் மெஷினை அணைத்துவிட்டு ஓடினாள். மேனேஜரம்மா அதற்குள் வந்திருந்தார். கையில் ஓவனோடு வந்த தடிமனான புத்தகம். பதறாமல்தான் பக்கத்தைப் புரட்டினார்.

"கையால சுத்தி பட்டையை நகர்த்தலாம்னு போட்டிருக்கு. அதுக்குன்னு ஒரு கைப்பிடி உண்டு. ஓவனோட பின்பக்கத் தகட்டுல மாட்டியிருக்கும்."

எல்லோரும் பின்பக்கம் ஓடினார்கள். மாட்டுகிற இடம் இருந்தது. அதன் கீழே 'அவசரக் கைப்பிடி' என்று மேனேஜரம்மா ஒட்டிய சீட்டும் பளிச்சென்று இருந்தது. கைப்பிடிதான் இல்லை.

"சீட்டு ஒட்டும்போது இங்க இருந்துச்சா மேடம்?" என்றார் மாஸ்டர்.

மேனேஜரம்மாவின் முகம் சிவந்தது. "எங்கேன்னு அண்ணன்கிட்ட கேட்டேன். 'அது அங்க இருக்கும்மா'ன்னார். சரின்னு ஒட்டிட்டேன்."

ஓவன் வாயிலிருந்து பிரெட் வாசனை வந்துகொண்டிருந்தது. இன்னும் நல்ல வாசனைதான். இன்னும் ஐந்து நிமிஷத்துக்கு நல்ல வாசனையாக இருக்கும்.

கத்தியக்கா போனை எடுத்தாள். நாலைந்து மணி அடித்த பிறகு அவர் எடுத்தார்.

"ஏங்க, ஓவன் நின்னுபோச்சு. பட்டை நகரலை. உள்ள பிரெட் இருக்கு. என்ன பண்றது?"

மறுமுனையிலிருந்து, "ஹ்... அஹு... இஹோ அஹு..." என்று வந்தது.

"என்னது?"

"அஹை... இஹு அண்ணு!"

ஊசி போட்டு வாய் மரத்துப்போயிருந்தது. உதடு ஒரு பக்கம் இழுக்க, நாக்கு பாதி உறங்கிக் கிடக்க, உலகத்தில் மிச்சமிருந்த அந்த இரண்டு சொல்லும் அவரைக் கைவிட்டுவிட்டன. "வீடியோ போடச் சொல்லுங்க அக்கா" என்றார் மேனேஜரம்மா. மெக்கானிக்கிடம் இருந்தது பட்டன் போன். கைக்கு அடக்கமாக இருக்கிறது, தண்ணீரில் விழுந்தாலும் பேசுகிறது என்று அதைத்தான் வைத்திருந்தார்.

அப்போது போனில் வேறு குரல் கேட்டது. "நான் பல் டாக்டர் பேசறேன். இப்பதான் பல்லை எடுத்தேன், வாயில பஞ்சு வச்சிருக்கு. அவர் பேசக் கூடாது. பேசினாலும் ஒண்ணும் விளங்காது."

"டாக்டர், இங்க ரொம்ப அவசரம். ஒரு பேப்பர் குடுத்து எழுதச் சொல்லி, நீங்க படிச்சுக் காட்ட முடியுமா?"

"இருங்க."

கத்தியக்கா போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். பேனா உரசுகிற சத்தம் கேட்டது. வேகமாகத்தான் எழுதினார். பிறகு டாக்டரின் குரல், கொஞ்சம் சந்தேகத்தோடு:

"எழுதிட்டார். படிக்கிறேன். 'அவரை நிறுத்து. இது வராம பாத்துக்கோ. அதோட இதை உருவிடு. என் இது தொங்குற அதை எடுத்து, அதுல மாட்டி, அந்தப் பக்கமா இது பண்ணு. மெதுவா. விடாம இது பண்ணு.'" டாக்டர் நிறுத்தினார். "ஏம்மா, வலிக்கு நான் குடுத்த மருந்து இப்படியெல்லாம் பண்ணாது. இவர் எப்பவுமே இப்படித்தானா?"

மாஸ்டர் தலையில் கைவைத்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். மேனேஜரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்பவும் இப்படித்தான் டாக்டர். லைன்லயே இருங்க" என்றாள் கத்தியக்கா.

அவளுக்கு அது கண்ணாடி மாதிரித் தெரிந்தது. அவர் என்றால் ஓவன். இது வராமல் என்றால் காஸ்.

"மாஸ்டர், எழுந்திரிங்க! தானா அணைஞ்சிருந்தாலும் சரி, காஸ் வால்வை மூடுங்க."

மாஸ்டர் எழுந்து ஓடினார். வால்வில் சீட்டு ஒட்டியிருந்ததால் ஒரே ஓட்டத்தில் கண்டுபிடித்து மூடினார்.

"'அதோட இதை உருவிடு'ன்னா என்ன அக்கா?" மேனேஜரம்மா புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார்.

"மோட்டார்ல ஒரு பின் இருக்கும் மேடம். மோட்டாரையும் பட்டை சுத்தற உருளையையும் அதுதான் கோத்து வச்சிருக்கு. அதை எடுத்தாத்தான் மோட்டார் தடுக்காம கையால சுத்த முடியும்."

"பின்னுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"இது பண்ணுன்னு விடாம, உருவுன்னு எழுதியிருக்காரே. உருவற மாதிரி அங்க வேற எதுவும் இல்ல."

வருஷத்துக்கு இரண்டு தடவை ஓவனை ஆறவைத்துச் சுத்தம் பண்ணும்போது, அவருக்கு டார்ச் பிடிப்பது அவள்தான். மோட்டாருக்கு அடியில் மல்லாக்கப் படுத்து அவர் எதை எதை எந்த வரிசையில் தொடுவார் என்பது அவளுக்கு மனப்பாடம். மண்டியிட்டு உள்ளே கைவிட்டாள். சூடு முகத்தில் அறைந்தது. பின் இறுகியிருந்தது. மாஸ்டர் தந்த சுத்தியலால் கீழிருந்து இரண்டு தட்டுத் தட்டினாள். மூன்றாவது தட்டில் துள்ளி விழுந்தது.

"இப்ப கைப்பிடி?" என்றார் மேனேஜரம்மா. "'என் இது தொங்குற அது'..."

கத்தியக்கா அதற்குள் சாமான் அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அறைச் சுவரில், இரண்டு ஆணிக்கு நடுவே, இசட் எழுத்து மாதிரி வளைந்த ஒரு தடித்த கம்பி செருகியிருந்தது. அதில் மெக்கானிக்கின் சாப்பாட்டுப் பை தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அவளே கொண்டுவந்து மாட்டியது. எத்தனையோ வருஷமாக அவள் கையாலேயே மாட்டி எடுத்த கம்பி. அது என்ன கம்பி என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியை உருவினாள். நல்ல கனம்.

ஓவனின் பக்கத்திலிருந்த சதுர ஓட்டையில் கம்பி கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டு கையாலும் பிடித்தாள். சட்டென்று நின்றாள்.

"டாக்டர்! அந்தப் பக்கம்னா எந்தப் பக்கம்னு கேளுங்க!"

இது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. அவர் எதிரே நின்றிருந்தால் முகத்தைத் திருப்புவதிலேயே தெரிந்திருக்கும்.

"கேட்டேன். கையைச் சுத்திக் காட்டறார்."

"எந்தப் பக்கமா சுத்தறார்?"

"வலப்பக்கமா... இருங்க, எனக்கு வலம்னா அவருக்கு இடம். அவர் படுத்துட்டிருக்காரு, நான் தலைமாட்டுல நிக்கறேன், அதனால... ஏங்க, கொஞ்சம் எழுந்து உட்காருங்க!"

வாசனை மாறிவிட்டது. ஓவனின் மறுமுனையிலிருந்து நூல் மாதிரிப் புகை கிளம்பியது. பாக்கிங் பெண்கள் எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள். ஒருத்தி தீயணைக்கிற உருளையைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றாள்.

"டாக்டர், அதெல்லாம் வேணாம். பாட்டில் மூடியைத் திறக்கற மாதிரியா, மூடற மாதிரியான்னு மட்டும் கேளுங்க. மூடற மாதிரின்னா ஒரு தடவை ம் சொல்லட்டும்."

டாக்டர் கேட்பது காதில் விழுந்தது. பிறகு போனில் தெளிவாக, கணீரென்று ஒரே ஒரு "ம்!"

கத்தியக்கா கம்பியை மூடுகிற பக்கமாகத் தள்ளினாள். முதலில் அசையவில்லை. மாஸ்டரும் கைகொடுத்தார். உள்ளே எங்கோ ஒரு முனகல் கேட்டது. பட்டை ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு ஒரு சாண். "வருது, வருது!" என்று மறுமுனையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

மெதுவாகச் சுற்றவேண்டும், விடாமல் சுற்றவேண்டும். ஆளுக்கு ஐம்பது சுற்று என்று முறைவைத்துக்கொண்டார்கள். மாஸ்டர் சுற்றினார், மாவு தூக்குகிறவர்கள் சுற்றினார்கள், பாக்கிங் பெண்கள் இரண்டிரண்டு பேராகச் சுற்றினார்கள். மேனேஜரம்மா சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு தன் ஐம்பதை முடித்துவிட்டு, மூச்சிரைக்க, இன்னொரு ஐம்பதும் சுற்றினார். முதலில் வந்த டின்களில் பிரெட் கரிக்கட்டையாக இருந்தது. அவற்றை இடுக்கியால் எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார்கள். உஸ் உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. போகப்போகக் கறுப்பு குறைந்து ஆழ்ந்த பழுப்பாயிற்று. அப்புறம் பழுப்பு. கடைசி நூறு டின் வந்தபோது மாஸ்டர் ஒன்றைக் கவிழ்த்து, அடியில் தட்டிப் பார்த்து, "இது அசல் பிரெட்டு! நான் போட்டா இப்படி வராது" என்றார்.

நூற்றிச்சொச்சம் பிரெட்தான் போனது. வலைப்பட்டையில் ஒரு கண்ணிகூட வளையவில்லை.

போனை யாரும் அணைக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கத்தியக்கா எடுத்துப் பேசினாள். "டாக்டர், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ரொம்ப நன்றி."

"நன்றி இருக்கட்டும்மா. அவர் போனை இங்கயே விட்டுட்டு எழுந்து போயே அரைமணி நேரம் ஆச்சு. அடுத்த ஆளுக்குப் பல்லைக் குடைஞ்சிக்கிட்டே நான்தான் கேட்டுட்டிருந்தேன். நாற்காலியில இருக்கறவரும் கேட்டுட்டிருந்தாரு. தீப்பிடிக்கலையேன்னு எழுதிக் கேக்கறாரு."

மெக்கானிக் வந்து சேர்ந்தபோது ஒரு கன்னம் பலூன் மாதிரி இருந்தது. யாரையும் பார்க்காமல் நேராக ஓவனுக்குப் போனார். குனிந்து மோட்டாரைப் பார்த்தார், பின் இல்லாத ஓட்டையை விரலால் தடவினார், பட்டையை ஓரம்வரை பார்த்துக்கொண்டே போய்த் திரும்பி வந்தார். பிறகு மனைவியின் முன்னால் வந்து நின்றார். அவள் முகமெல்லாம் கரி, முன்னங்கையில் ஓவன் தகடு சுட்ட ஒரு சிவந்த கோடு. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பஞ்சு தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு, அவள் கையைத் திருப்பிச் சூட்டுக்காயத்தைப் பார்த்தார். சாமான் அறைக்குப் போய்க் களிம்பு டப்பாவை எடுத்துவந்து, நாற்பத்தைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, விரல் நுனியால் தடவிவிட்டார்.

கத்தியக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. "போதும், போய் அவரைக் கவனிங்க" என்று ஓவனைக் காட்டினாள்.

ஐந்து மணிக்கு மேனேஜரம்மா இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் நடந்ததை எழுதும் படிவம். கூடவே பல் டாக்டரிடம் எழுதிக் காட்டிவிட்டு மெக்கானிக் கையோடு கொண்டுவந்திருந்த சீட்டு.

"அண்ணே, கைப்பிடி இனிமே அதோட இடத்துல இருக்கணும்."

மெக்கானிக் தலையாட்டினார். தப்பு அவருடையது என்று அவருக்கே தெரியும். வரும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"சீட்டு ஒட்டறதுக்கு முன்னாடி சாமானைக் கண்ணால பாத்திருக்கணும். அது என் தப்பு. அதையும் எழுதிட்டேன்." பிறகு மேனேஜரம்மா கத்தியக்காவிடம் திரும்பினார். "அக்கா, இந்தக் கம்பெனியில இருக்கற எல்லா மெஷினும் உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன மேடம் தெரியும்? இவர் சொல்றது புரியும், அவ்வளவுதான்."

"மோட்டார்ல பின் எங்க இருக்குன்னு தெரிஞ்சுது. பேரிங் சத்தம் தெரிஞ்சுது. வேற என்னதான் தெரியணும்?"

இத்தனை வருஷமாகக் கத்தியக்கா நினைத்துக்கொண்டிருந்தது வேறு. இந்த மனுஷனோடு காலந்தள்ளுவதற்குத்தான் இவர் பேச்சைக் கற்றுக்கொண்டோம் என்று நினைத்திருந்தாள். நீட்டிய கையில் சரியான சாமானை வைக்கவேண்டுமென்றால், அடுத்து அவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்திருக்கவேண்டும். அது தெரிய, மெஷினுக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும். தெரிந்துதான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"அண்ணன் லீவுன்னா அன்னிக்கு மெக்கானிக் நீங்கதான். முறைப்படி எழுதித் தரேன். கத்தி மெஷினுக்கு வேற ஆள் போட்டுக்கலாம்" என்றார் மேனேஜரம்மா.

"அதெல்லாம் வேணாம். என் மெஷின்ல வேற யாரும் கைவைக்க வேணாம். ரெண்டையும் நானே பாத்துக்கறேன்."

"முடியுமா அக்கா?"

"முடியாமலா? நீங்க எழுதுங்க மேடம்."

வீட்டுக்கு நடந்து போகிறபோது வெயில் தாழ்ந்திருந்தது. மெக்கானிக்கின் உதடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும். அந்தக் கம்பியை நான் தப்பான பக்கம் சுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? வெடிச்சிருக்குமா?"

அவர் யோசித்தார். "ஒண்ணும் ஆகாது. அதுங்க வந்த வழியே திரும்பிப் போயிருக்கும்."

"என்னது?"

"உள்ள போன பக்கமே வெளிய வந்திருக்கும். அவ்வளவுதான்."

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "அப்ப எந்தப் பக்கம் சுத்தினாலும் வெளியதான் வந்திருக்குமா? அதுக்கா அந்தப் பாடு பட்டேன்? பாட்டில் மூடி, ம் சொல்லு, அது இதுன்னு..."

"நீ கேட்டே. நான் சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார், தையல் இழுத்தது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "ஆ" என்றார். அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள்.

முனைக் கடையில் அவர் நின்றார். இரண்டு நாளைக்குக் குளிர்ச்சியாக மட்டும் சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். கல்லாவில் இருந்தவரிடம், "அந்த இது ரெண்டு குடுங்க" என்றார்.

"எதுங்க?"

மெக்கானிக் வழக்கம்போல மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கத்தியக்கா எதிர்ச்சாரி வீட்டு மாடியில் காய்கிற துணிகளை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதாங்க... அது" என்றார் அவர்.

"சோப்பா? பேட்டரியா?"

அவர் மறுபடி திரும்பிப் பார்த்தார். துணிகளில் அவளுக்கு இன்னும் ஆர்வம் குறையவில்லை. வேறு வழியில்லாமல், பாதி மரத்த உதட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வெளியே தள்ளினார்: "ஐ...ஹ்...கிரீம்."

"அப்படிச் சொல்லுங்க. எந்த மாதிரி வேணும்?"

மெக்கானிக்கின் முகத்தில் வந்த திகைப்பைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை. முன்னால் வந்து, "வெனிலாங்க. கப்புல குடுங்க, ஸ்பூன் ரெண்டு வச்சு" என்றாள்.

கடைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து, வெயில் முழுக்க இறங்கும்வரை, அவசரமில்லாமல் சாப்பிட்டார்கள்.